25 மி.மீ. அல்கதீன் பைப்பும் 4 அங்குல ஸ்லீவும்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு மதிப்பீடு

தண்ணீர் மீற்றருக்கும் வீட்டுக்கும் இடையில் போடுவதற்கு இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் சிறந்தது, கறுப்பு உடம்பில் நீலக் கோடு ஓடும் எச்.டி.பி.ஈ. (அடர்த்தி கூடிய பொலித்தீன்) சுருள் பைப். ஹார்ட்வெயார் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் சிலவேளை முழிப்பார்கள். அல்கதீன் என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். பைப்பைப் பற்றிக் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குறையெல்லாம் அது வீட்டுக்குள் நுழையும் கடைசி மூன்று நான்கு மீற்றரில்தான். அத்திவாரத்துக்கும் கொங்கிறீற் தரைக்கும் அடியில் அதை வெறுமனே புதைத்தால் எவ்வளவு நல்ல பைப்பும் வீண். ஒரு ஸ்லீவுக்குள், அதாவது பெரிய வெளிப் பைப் ஒன்றுக்குள், விட்டால் மட்டுமே போட்ட காசுக்குப் பயன். அந்த ஸ்லீவைத்தான் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

மீற்றர் வரையிலான வேலை நீர் வழங்கல் சபையினுடையது. மீற்றருக்குப் பிறகு ஒழுகும் ஒவ்வொரு துளியும் வீட்டுக்காரர் கணக்கு. கந்தளாய்க் குளத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து சேரும் தண்ணீர், மாபிளுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தாலும் பில் வரும்.

முதலில் பைப். 20 மி.மீ., 25 மி.மீ., 32 மி.மீ. என்று மூன்று அளவு பொதுவாகக் கிடைக்கும். இவை வெளி விட்டம். எஸ்.டி.ஆர். 11 (வெளி விட்டம் சுவரைப்போல் ஏறக்குறைய 11 மடங்கு) என்ற தடிப்பில் 25 மி.மீ. பைப்பின் சுவர் 2.3 மி.மீ., உள் துவாரம் 20.4 மி.மீ. அதே தடிப்பில் 20 மி.மீ. பைப்பின் துவாரம் ஏறக்குறைய 16 மி.மீ.தான். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் தண்ணீர் போகும் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் மாறுகிறது. அழுக்கம் குறைந்த வேளைகளில் மேல் தாங்கி நிரம்புமா, பாதியில் நிற்குமா என்பதில் இது தெரியும். வளவு சின்னதோ பெரியதோ, 25 மி.மீ.க்குக் கீழே இறங்க வேண்டாம்.

வாங்கும்போது பைப்பின் உடம்பில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். பீ.ஈ. 100 (பீ.ஈ. என்பது பொலித்தீன், 100 அதன் தரம்), எஸ்.டி.ஆர். 11, பி.என். 16 என்ற மூன்றும் ஒன்றாக வரும். பீ.ஈ. 100 வகையிலேயே எஸ்.டி.ஆர். 17 என்றால் பி.என். 10. ஐ.எஸ்.ஓ. 4427 என்ற தர இலக்கம் இருந்தால் குடிநீருக்கென்று செய்த பைப். எழுத்தே இல்லாத கறுப்புப் பைப்பும் மலிவாகக் கிடைக்கும். அது தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போதும், குடிதண்ணீருக்கு வேண்டாம். மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் கடைகளில் இந்த எழுத்து துண்டில் விழாமல் போகலாம். சுருளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பி.என். 16 என்பது 20 பாகை வெப்பத்தில் 16 பார் அழுக்கம் தாங்கும் என்பதைக் குறிக்கும். நம்மூரில் 20 பாகை எங்கே இருக்கிறது? 30 பாகையில் தாங்குதிறன் 0.87 மடங்காகவும், 40 பாகையில் 0.74 மடங்காகவும் குறையும். பி.என். 16 பைப் 40 பாகையில் ஏறக்குறைய 11.8 பார், பி.என். 10 பைப் 7.4 பார். வீட்டுக்கு வரும் தண்ணீருக்கு இரண்டுமே தாராளம். அப்படியானால் தடித்ததை ஏன் வாங்க வேண்டும்? அழுக்கத்துக்காக அல்ல, வளைவுக்காக. மெல்லிய சுவர்ப் பைப் ஸ்லீவின் வளைவில் திரும்பும்போது மடிந்துபோகும். மடிந்த இடத்தை நிமிர்த்தினாலும் அங்கே விழுந்த வெள்ளைக் கோடு போகாது. பிறகு வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். மடிந்த துண்டை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

பி.வி.சி. பைப்பையே போட்டால் என்ன என்று கேட்பார்கள். சுவருக்குள்ளும் தாங்கியிலிருந்து இறங்கும் லைன்களுக்கும் பி.வி.சி. நல்லதுதான். ஆனால் தரைக்கு அடியில் வளைந்து வரவேண்டிய இடத்தில் அதற்கு எல்போ வேண்டும், எல்போவுக்குக் கம் வேண்டும். மூட்டு ஒன்று ஸ்லீவுக்குள் போய்விட்டால் அந்த ஸ்லீவைப் போட்டதற்கே அர்த்தமில்லை. இழுத்தால் வராது, ஒழுகினால் தெரியாது. சூடாக்கி ஒட்டும் பி.பி.ஆர். பைப்புக்கும் இதே பதில். அல்கதீனுக்கு மீற்றரிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் வால்வு வரை ஒரே துண்டு போதும். அதன் பெரிய பலமே இந்த மூட்டில்லாமைதான்.

இனி ஸ்லீவ். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது 2 அங்குலப் பைப்பாக இருக்கும். 25 மி.மீ. பைப் அதற்குள் தாராளமாகப் போகிறதே என்று தோன்றும். நேராக ஒரு சுவரைக் கடக்க மட்டும் என்றால் போதும். வளைந்து தரைக்கு மேலே வரவேண்டுமென்றால் போதாது. பீ.ஈ. பைப்பைத் தன் விட்டத்தின் 25 மடங்கு ஆரைக்குக் குறைவாக வளைக்கக்கூடாது என்பது பொது விதி. 25 மி.மீ. பைப்புக்கு அது 625 மி.மீ., கிட்டத்தட்ட இரண்டு அடி. வடிகாலுக்கு விற்கும் 90 பாகை எல்போவில் அந்த ஆரை கிடைக்கவே கிடைக்காது. எல்போவின் முழங்கையில் பைப் முட்டி நிற்கும். தள்ளத் தள்ள மடியும்.

தீர்வு எளிது. 4 அங்குலப் பைப், அதாவது 110 மி.மீ. விட்டமுள்ளது, ஒன்றும், 45 பாகை பெண்ட் இரண்டும் வாங்குங்கள். இரண்டு பெண்ட்களுக்கும் இடையில் அரை மீற்றர் நேர்ப் பைப் விடுங்கள். இந்த அமைப்பில் நடுக்கோட்டு ஆரை ஏறக்குறைய 600 மி.மீ. வரும். அதற்கு மேல் 110 மி.மீ. பைப்புக்குள் 25 மி.மீ. பைப் மூலையைக் குறுக்கே வெட்டிப் போக இடமும் இருக்கிறது. பாகைக்கணக்குப் புரியாத மேசனிடம் “ரெண்டு பெண்டுக்கும் நடுவிலை ஒண்டரை அடிக்குக் கொஞ்சம் கூட” என்று சொன்னால் போதும். ஒரு விஷயம்: பெண்ட் மூட்டுகளில் உள்ளே பிதுங்கும் கம் காய்ந்து கூராக நிற்கும். ஒட்டிய கையோடு துணி சுற்றிய தடியொன்றை உள்ளே விட்டுத் துடைத்துவிடுங்கள்.

மின்கம்பிக்கென்று விற்கும் நெளிவுக் குழாய் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே வழுவழுப்பான இரட்டைச் சுவர் வகை நல்லது. அது தானாகவே பெரிய ஆரையில் வளையும், பெண்டே தேவையில்லை. ஒற்றைச் சுவர் வகையை விட்டுவிடுங்கள். பைப்பின் முனை ஒவ்வொரு நெளிவிலும் தடக்கும், மேலே கொங்கிறீற் கொட்டும்போது நசியும்.

அத்திவாரத்தில்

இங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் கருங்கல் அத்திவாரம், அதற்கு மேல் டி.பி.சி. பீம், அதாவது ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் மட்டத்தில் போடும் கொங்கிறீற் பீம். ஸ்லீவ் பீமுக்குக் கீழே, கல் கட்டுக்குள் போகவேண்டும். அத்திவாரம் எழும்போதே வைத்துவிட்டால் பத்து நிமிட வேலை. பிறகு செய்தால் ஒரு நாள் முழுக்க அலவாங்கு. பீமை உடைத்து, கம்பியை ஒதுக்கி, அதற்குள்ளால் பைப் விடுவதையும் பார்க்க முடிகிறது. அதை எந்த மேசன் சொன்னாலும் அனுமதிக்க வேண்டாம். பீமுக்கும் ஸ்லீவுக்கும் இடையில் கல்லும் கலவையும் இருக்கட்டும்.

ஸ்லீவ் வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு போதும். உள் பைப் எப்போதாவது ஒழுகினால் தண்ணீர் வீட்டுக்கு அடியில் நிற்காமல் வெளியே வரும். வெளி முனையை மண்ணுக்குள் மூடிவிடாமல், ஒரு அடிக்கு ஒரு அடி செங்கல் குழி கட்டி அதற்குள் முடியுங்கள். குழியின் அடிக்குச் சீமெந்து வேண்டாம். சல்லிக் கல் போட்டு, மேலே கொங்கிறீற் மூடி. ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க அந்த மூடியைத் தூக்கினால் போதும்.

உள் முனை குசினித் தொட்டிக்குக் கீழேயோ, களஞ்சிய அறை மூலையிலோ வரட்டும். முடிந்த தரைக்கு மேலே குறைந்தது 5 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். ஸ்லீவின் வாய் தரையோடு சமமாக இருந்தால் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் போகும். மாபிள் பதிக்க வருபவர் அழகுக்காக அதை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது அடிக்கடி நடக்கிறது.

வெளிக் கிடங்கின் ஆழத்தைப் பற்றி இணையத்தில் 750 மி.மீ. என்று வாசித்திருப்பீர்கள். அது பனி உறையும் நாடுகளின் கணக்கு. நமக்குத் தண்ணீர் உறையாது. இங்கே ஆழம் வேண்டியது வெயிலுக்கும் மண்வெட்டிக்கும் வாகனத்துக்கும்தான். வளவுக்குள் 450 மி.மீ., வாகனம் ஏறும் இடத்தில் 600 மி.மீ. இருந்தால் போதும். பைப்புக்குக் கீழும் மேலும் 10 சென்ரிமீற்றர் சலித்த மணல். கிளிஞ்சலும் சங்குத் துண்டும் கலந்த மணலை அப்படியே கொட்ட வேண்டாம். உப்பு பீ.ஈ. பைப்பை ஒன்றும் செய்யாது, ஆனால் கூரான சிப்பி செய்யும். உவர்மலை போல் பாறை தட்டும் மேட்டுப்பகுதிகளில் இந்த ஆழம் கிடைக்காது. அங்கே ஸ்லீவை முழுத் தூரத்துக்கும் நீட்டி, மேலே மெல்லிய கொங்கிறீற் போர்வை போடுவதுதான் வழி.

உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு மணற்பகுதிகளில் வேறொரு தொல்லை. மாரியில் நிலத்தடி நீர் கிடங்குக்குள்ளேயே ஏறிவிடும். இரு முனையும் மூடிய வெற்று 110 மி.மீ. பைப் தண்ணீருக்குள் இருந்தால், ஒவ்வொரு மீற்றருக்கும் கிட்டத்தட்ட 9 கிலோ விசை அதை மேலே தூக்கும். மாலையில் அழகாகச் சரிவு பார்த்து வைத்துவிட்டுப் போனால், இரவு மழைக்குப் பிறகு காலையில் மிதந்து நிற்கும். வைத்த அன்றே மண்ணை நிரப்புங்கள், அல்லது மீற்றருக்கு ஒரு மண் மூட்டையாவது ஏற்றிவையுங்கள். கார்த்திகை மார்கழியில் இந்த வேலையைத் தொடங்காமலே இருப்பது இன்னும் நல்லது.

இழுப்பதும் பொருத்துவதும்

ஸ்லீவுக்குள் 6 மி.மீ. நைலோன் கயிறு ஒன்றை முதலிலேயே விட்டுவையுங்கள், உள் பைப் இழுக்கும்போது இன்னொரு கயிறும் கூடவே போகட்டும். அந்த இரண்டாவது கயிறு நிரந்தரமாக உள்ளே இருக்கும். நாளைக்குப் பைப்பை மாற்ற வேண்டி வந்தால் அதுதான் துணை. மின்கம்பி, இணையக் கம்பி எதையும் இந்த ஸ்லீவுக்குள் சேர்க்க வேண்டாம். இடம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள்.

சுருளை வெளிப்பக்கத்திலிருந்து அவிழுங்கள். கட்டுகளை ஒரேயடியாக வெட்டினால் பைப் துள்ளி முகத்தில் அடிக்கும். வெயிலில் ஒரு மணித்தியாலம் நீட்டிப் போட்டால் சுருள் நினைவு குறைந்து இளகும். இந்த விஷயத்தில் திருகோணமலை வெயில் நமக்கு உதவி. பைப்பின் முனையைச் சரிவாக வெட்டி, ரேப் சுற்றி மூடிக் கயிற்றைக் கட்டுங்கள். மணல் உள்ளே போனால் அது நேரே மிதவை வால்வில் போய் உட்காரும். வழுக்கச் சவர்க்காரத் தண்ணீர் போதும், கிறீஸ் ஒயில் பூசக்கூடாது. ஒருவர் வெளியே தள்ள, ஒருவர் உள்ளே இழுக்க வேண்டும். இழுப்பவர் மட்டும் பலம் காட்டினால் வளைவில் மடியும்.

இப்போது அந்த வெயிலே எதிரியாகும் இடம். பீ.ஈ. வெப்பத்துக்கு நன்றாக நீளும்: ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு 0.15 முதல் 0.2 மி.மீ. வரை. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மதியங்களில் கறுப்புப் பைப் தொட முடியாதபடி கொதிக்கும். அந்தச் சூட்டிலேயே அளந்து வெட்டி இரு முனையும் பொருத்திவிட்டால், மண் மூடித் தண்ணீர் ஓடியதும் 25 பாகை குளிர்ந்து, 10 மீற்றர் பைப் 4 அல்லது 5 சென்ரிமீற்றர் சுருங்கும். பொருத்தியிலிருந்து பைப் மெல்ல வெளியே உருவப்படும். “நல்ல பிற்றிங்தான் போட்டோம், எப்படிக் கழன்றது?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இது. பைப்பைக் கிடங்கில் பாம்புபோல் லேசாக நெளியவிட்டு, நிழலில் ஆறிய பிறகு, முடிந்தால் தண்ணீர் நிரப்பிய பிறகு, கடைசி வெட்டை வெட்டுங்கள்.

பி.வி.சி. கம் பீ.ஈ. பைப்பில் ஒட்டாது. எவ்வளவு பூசினாலும் உரிந்து வரும். இதைத் தெரியாமல் செய்பவர்களும் உண்டு, தெரிந்துகொண்டே நெருப்புக் காட்டி வாயை விரித்து, ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) நிப்பிளில் ஏற்றி, ரியூப் றப்பரால் சுற்றிக் கட்டுபவர்களும் உண்டு. இரண்டும் சில மாதக் கதை. கம்பிறெஷன் பிற்றிங் மட்டுமே போடுங்கள். அதில் ஒரு நட், ஒரு வெட்டு வளையம், ஒரு ஓ-றிங் (றப்பர் வளையம்). பைப்பை நேராக வெட்ட வேண்டும். இரும்பறுக்கும் வாள் என்றால் பிசிறைக் கத்தியால் வழித்து, வெளி விளிம்பைச் சற்றுச் சாய்த்துச் சீவுங்கள். இல்லாவிட்டால் அந்த விளிம்பே ஓ-றிங்கை அறுக்கும். எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று பேனையால் குறித்துவிட்டுத் தள்ளுங்கள். பாதி தூரத்தில் ஒரு தடை வரும், அது ஓ-றிங். அதைத் தாண்டிப் போகவேண்டும். பித்தளைப் பிற்றிங் என்றால் பைப்புக்குள் செருகும் உள் உறை கட்டாயம். அது இல்லாமல் இறுக்கினால் மென்மையான பைப் உள்ளே நசிந்து, ஒழுக்கு சில வாரம் கழித்து வரும். திறட் ரேப் மரைக்கு மட்டும், நட்டுக்குள் சுற்ற வேண்டாம்.

கடற்காற்றுப் படும் இடத்தில் ஜி.ஐ. நிப்பிளும் இரும்பு வால்வும் காசுக்குக் கேடு. பித்தளை அல்லது பிளாஸ்ரிக் பால் வால்வு ஒன்றை வீட்டுக்குள், ஸ்லீவின் வாய்க்கு ஒரு அடி மேலே, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு பொருத்தியும் ஸ்லீவுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ இருக்கக்கூடாது. மீற்றர்ப் பக்கத்தில் ஒன்று, வால்வுப் பக்கத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

மண் மூடும் முன் சோதனை. கைப் பம்ப் கிடைத்தால் வழக்கமான அழுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றுங்கள். முதல் அரை மணித்தியாலத்தில் மானியின் முள் இறங்கும். பதற வேண்டாம், பீ.ஈ. பைப் அழுக்கத்துக்குக் கொஞ்சம் விரியும். மீண்டும் ஏற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவையும் தொடர்ந்து இறங்கினால்தான் ஒழுக்கு. பம்ப் இல்லையென்றால், உள்ளே வால்வை மூடிவிட்டு, மீற்றர் முகத்தில் இருக்கும் சின்னச் சில்லு ஒரு மணித்தியாலம் அசைகிறதா என்று பார்ப்பது போதும்.

கடைசியில் ஸ்லீவின் இரு வாயையும் மூடவேண்டும். கலவை போட்டு அடைப்பதுதான் வழக்கம், அது பிழை. பைப்பை அங்கே பூட்டிவிடும், மாற்ற வரும்போது உடைக்க வேண்டும். நடுவில் துவாரமுள்ள றப்பர் மூடி சிறந்தது. கிடைக்காவிட்டால் முதலில் துருப்பிடிக்காத உருக்கு வலையைச் சுருட்டித் திணித்து, அதற்கு மேல் சிலிக்கன். வலை எலிக்கு, எலி பீ.ஈ. பைப்பைக் கடிக்கும். சிலிக்கன் கறையானுக்கும் எறும்புக்கும் ஈரத்துக்கும். நுரையாக விரியும் ஸ்பிறே தனியாகப் போதாது, எலி அதைக் குடைந்து வந்துவிடும். சாதாரண இரும்பு வலை உப்புக் காற்றில் ஒரு மாரி தாண்டாது. வெளி வாயையும் மூடியபின், ஒழுக்கு நீர் குழிக்குள் வர வழி வேண்டுமே என்றால், மூடியின் அடிப்பகுதியில் பேனா அளவு சிறு குழாய் ஒன்றைச் செருகி, அதன் வாய்க்கு நுண்ணிய வலை கட்டலாம். நிலத்தடி நீர் குழிக்குள் ஏறும் மணற்பகுதிகளில் இதைச் செய்யாமல், முழுதாகவே மூடிவிடுங்கள்.

இந்தப் பைப் பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெய், பெற்றோல், பெயின்ற் தின்னர் போன்றவை பீ.ஈ. சுவரினூடாகவே மெல்ல ஊடுருவித் தண்ணீருக்குள் வரும். பைப்பில் ஓட்டை இருக்கத் தேவையில்லை. திருக்கடலூர் போன்ற கரையோரப் பகுதிகளில் படகு எஞ்சினுக்கான எண்ணெய்க் கான்கள் வளவுக்குள்ளேயே இருக்கும், மண்ணில் சிந்தியும் இருக்கும். அப்படியான மண்ணினூடாக அல்கதீன் போகக்கூடாது. பைப்பின் பாதையைச் சுற்றி மாற்றுங்கள். ஸ்லீவும் பிளாஸ்ரிக் என்பதால் அதை நம்பி எண்ணெய் மண்ணைக் கடக்க வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் அந்தத் துண்டைத் தோண்டி எண்ணெய் மண்ணை அகற்றி, புது மணல் போட்ட பிறகே கிடங்கு வெட்டுங்கள். மலசலகூடக் குழிக்கு அருகால் போவதையும் இதே கண்ணோடு பாருங்கள்; தண்ணீர் நின்று அழுக்கம் இல்லாத நேரத்தில், மூட்டில் சின்னக் கசிவு இருந்தால் அழுக்கு உள்ளே இழுபடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மீற்றர் கணக்கில் பார்த்தால் 4 அங்குல ஸ்லீவ் உள்ளே போகும் பைப்பைவிட விலை கூடும். அதனால்தான் 2 அங்குலத்துக்கு இறங்குகிறார்கள். ஆனால் முழுத் தூரத்துக்கும் 4 அங்குலம் தேவையில்லை: வெளிக்குழியிலிருந்து உள்மூலை வரை, பெரும்பாலான வீடுகளில் ஒரு முழுப் பைப்புக்குள் அடங்கும். வளவுக்குள் ஓடும் மீதித் தூரத்துக்கு, வாகனம் ஏறாத இடமானால், மணலுக்குள் வெறும் பைப்பே போதும். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்காரர் தரையை உடைக்க மனமில்லையென்றால், டி.பி.சி. பீமுக்கு மேலே, வெளிச்சுவரினூடாக நேராக ஒரு 2 அங்குல ஸ்லீவ் துளைத்து, அதற்கு வெளியே நிற்கும் பைப்பை ஒரு பி.வி.சி. உறைக்குள் மறைக்கலாம். அழகு குறைவு. ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், கை எட்டும்.